கமலா படத்துக்கு மாலை

“அடப்பாவி...! கொன்னுட்டியாடா!”

கள்ளக்குறிச்சி கல்யாண மண்டபமே அதிர்ந்தது.

‘இயற்கையும் செயற்கையும்’ ஓவியக் கண்காட்சி. மாயவனையும் சேர்த்து நாலு ஓவியர்கள். பிளாஸ்டிக் ரோஜாத் தோட்டம், காகித மூங்கில், பஞ்சில் ஓர் அருவி... கத்தலும் காட்சியில் ஒன்று என்று கைதட்டினார் ஒரு புண்ணியவான்!

கத்தியவன் அன்புச்செல்வன். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தங்கை கமலாவைத் தூக்கி வளர்த்தவன். மலைமேல் உள்ள கரியாலூரின் டிராயிங் மாஸ்டர் மாயவனுக்குக் கட்டிக் கொடுத்தவனும் அவன்தான்.

எதிரே, மாயவன் வரைந்த கமலாவின் படம்.

அதற்கு நிஜச் சாமந்தி மாலை. படத்தின் கண்ணாடி மேல், நெற்றியில் குங்குமப் பொட்டு!

உயிரோடு இருப்பவள் படத்துக்கு எந்தப் புருஷன் மாலை போடுவான்?

“மாசமா இருக்கா, மலையிலயே வுட்டுட்டு வந்தேன்னியே மாப்ள... எங்கடா என் தங்கச்சி?”

“அது... கலை மச்சான். படம் செயற்கை, மாலை இயற்கை...”

“பொட்டு...?”

மாயவன் தலை கவிழ்ந்தது.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டதே! அன்புச்செல்வன் மாயவனின் சட்டையைப் பிடித்தான்.

படம் பார்க்க வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் கிறிஸ்துதாஸ் பேனாவை எடுத்தார்.

“புகார் குடுக்குறீங்களா?”

“எழுதுங்க சார்! இவன்தான் கொலைகாரன்!”

அன்புச்செல்வன் கீழே கையெழுத்தும் போட்டுவிட்டான். சப்-இன்ஸ்பெக்டர் மாயவன் பக்கம் திரும்பினார்.

“பொண்டாட்டிய இன்னாய்யா பண்ண?”

மாயவன் உடைந்தான்.

“ஏழாம் மாசத்துலயே வலி வந்துடுச்சு சார். ரத்தம் நிக்கல. ஜீப்புல போட்டுக்கினு பெரியாஸ்பத்திரிக்குக் கெளம்பினேன். போன மாசம், அந்த எடஒதுக்கீடு மறியல் வாரம்... கச்சிராயபாளையம் ரோட்டுல புளியமரத்த வெட்டிச் சாச்சிருந்தாங்க. தூக்கிக்கினு நடந்தேன்... மரத்தத் தாண்டறதுக்குள்ள போயிட்டா சார்!”

“மச்சான்கிட்ட ஏன்யா மறைச்ச?”

மாயவன் மச்சானைத் திரும்பிப் பார்த்தான்.

“எந்த... எந்த மரம் மாப்ள?” அன்புச்செல்வன் கேட்டான்.

“கோயில் வளைவுல மச்சான். ரோடு தெறந்ததும் ஒனக்குச் சொல்லத்தான் கெளம்பினேன். அப்பதான் ஒன் லெட்டர் வந்துச்சு. ‘மறியல்ல, கோயில் வளைவு மரத்துல மொத கோடாலி என்னுது’ன்னு எழுதியிருந்த...”

அன்புச்செல்வன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான்.

“எப்பிடி மச்சான் சொல்லுவேன்? வூட்டுல மாலை போட்டா ஒனக்குத் தெரிஞ்சிடும். இங்க போட்டா கலைன்னு வுட்டுடுவாங்கன்னு நெனச்சேன்.”

அன்புச்செல்வன் படத்தின் மாலையைத் தொட்டான். அழ வரவில்லை.

கிறிஸ்துதாஸ் மெல்லப் புகாரைக் கிழிக்கப் போனார். அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“கிழிக்காதீங்க சார். கொலைகாரன் பேர மட்டும் மாத்துங்க.”

“யார் பேருக்கு?”

“கீழ கையெழுத்து இருக்குதே... அதப் பாத்து எழுதுங்க சார். எழுத்துப்பிழை வராது!”