அம்மாவின் கட்டைவிரல்

என் கட்டைவிரலை மணிக்கட்டைத் தொடும்வரை வளைப்பேன். வகுப்பில் எனக்கு ‘ரப்பர்’ என்று பெயர். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பந்து எறியும்போது தோள்பட்டை கழன்று நான் அலறும்வரை.

டாக்டர் சோதித்துப் பார்த்தார். எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நார்கள் எனக்குப் பிறவியிலேயே தொளதொளவாம். பயப்பட வேண்டாம், கவனமாக இருந்தால் போதுமாம்.

அவ்வளவுதான்! அம்மா என்னை எதையும் தொடவிடவில்லை. என் புத்தகப் பை அவள் தோளில். என் பென்சிலைச் சீவுவதும் அவள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து இத்தனையும்! பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

“வலிக்குதாம்மா?”

“வலியெல்லாம் இல்ல. நான் சின்ன வயசுலேர்ந்தே சோம்பேறிடி. எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

எனக்குக் கோபம் கோபமாக வரும். அம்மாவா சோம்பேறி?

ஒருநாள் தேன் பாட்டிலை எடுத்தேன். “தொடாதே!” என்று பிடுங்கி, அம்மாவே மூடியைத் திருகினாள். ‘டக்’. மூடி அசையவில்லை. அம்மாவின் கட்டைவிரல்தான் இடம் மாறியிருந்தது. சட்டைக்குப் பட்டன் போடுவதுபோல அதை அழுத்தி உள்ளே தள்ளிவிட்டு, மறுபடி மூடியைப் பிடித்தாள்.

“அம்மா! விரல் கழண்டுச்சு!”

“அதுக்கென்ன? எல்லாருக்கும் கழலுறதுதானே?”

“எல்லாருக்கும் கழலாதும்மா!”

“போடி, பொறந்ததுலேர்ந்து எனக்குக் கழலுது.”

அம்மாவிடம் வாதாடி ஜெயிக்க முடியுமா? பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டேன்.

“அப்பா, உங்க கட்டைவிரலைக் கழட்டிக் காட்டுங்க.”

“ஏன், நான் என்ன பொம்மையா?” என்றாலும் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார். “ஐயோ! வரமாட்டேங்குதே!”

அம்மா சிரிக்கவில்லை. அப்பாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது, எனக்கான நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்தேன். “இன்னிக்கு இவங்களைப் பாருங்க டாக்டர்.”

“சும்மா இருடி, மானத்தை வாங்காதே,” என்று அம்மா நெளிந்தாள்.

டாக்டர் அவள் விரல், முழங்கை, முழங்கால் எல்லாவற்றையும் மடக்கிப் பார்த்தார். நிறையக் கேள்வி கேட்டார். “உங்களுக்கும் இதேதான். இத்தனை வருஷமா வலியோடயா நின்னு வேலை பாத்தீங்க?”

“அப்போ நான்... சோம்பேறி இல்லையா டாக்டர்?”

“உங்களைப் போய் யாரு அப்படிச் சொன்னது?”

அம்மா பொலபொலவென்று அழுதாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ?

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்கிட்டேர்ந்துதானே உனக்கு வந்திருக்கு, கண்ணு.”

“நல்லதாப் போச்சு. இல்லேன்னா எனக்கு வலிக்கும்போது வீட்ல யாருக்குப் புரியும்?”

அம்மா அழுகையோடு சிரித்துவிட்டாள். அப்பாடா! எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

டாக்டர் சொன்ன உடற்பயிற்சியை இப்போது இருவரும் சேர்ந்தே செய்கிறோம். நேற்று பாதியிலேயே அம்மா நிறுத்தினாள். “வலிக்குதுடி. கொஞ்சம் உக்காரலாம்.”

அப்பா ஓடிப்போய் தலையணை கொண்டுவந்தார். நான் குதிக்காத குறைதான். அம்மா வலிக்கிறது என்று சொன்னதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே மகள் நானாகத்தான் இருப்பேன்!