எலும்பு காத்த ஐயன்

காலை மணி அடித்ததும் பிறைநகரின் பெரிய மனிதர்கள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பல்லக்குத் தூக்கக் கிளம்பினார்கள். உள்ளே உட்காரக் கூலியாட்கள் இருந்தார்கள்.

சிரிக்காதீர்கள். பிறைநகர் இருப்பது நிலவில்; எடை பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு. சுமை தாங்காத எலும்பு அங்கே அப்பளமாகிவிடும். அதனால் இரும்புப் பல்லக்கைச் சுமந்து சுரங்கத் தெருக்களைச் சுற்றுவதுதான் ஆரோக்கியம், அந்தஸ்து, எல்லாம். தூக்குகிறவர் ‘தோளார்’. உட்கார்ந்தே தேய்கிறவர் ‘சுமையாள்’.

சுரங்க முதலாளி நாகலிங்கத்தின் சுமையாள் பொற்கலை. உட்கார்ந்து உட்கார்ந்து அவள் இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது. எலும்புச் சோதனையில் தேறாதவரைப் பூமிக் கப்பல் ஏற்றாது. கரூரில் மகள் இசை முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வேண்டாமா? வீட்டிலேயே எதையாவது தூக்கலாமே என்பீர்கள். சுமையாளின் வீடு படுக்கை அளவுப் பொந்து. அதில் நிமிரவே முடியாது.

“ஐயா, தினம் ஒரு சுற்று நானும் பல்லக்குத் தண்டு பிடிக்கிறேனே. மகளைப் பார்க்கணும்.” கேட்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“எல்லாரும் தூக்கினா உள்ளே உட்கார்றது யாரு?” என்றார் நாகலிங்கம். எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குவது யார் என்று பூமியில் கேட்ட பரம்பரைதான் அவரும்.

“கல்லை உட்கார வைங்க. கல்லுக்கு இடுப்பு தேயாது.”

“அட போம்மா! கல்லைத் தூக்கினா எவன் மதிப்பான்?”

“மதிக்க வெச்சுட்டா?”

“வெச்சுப் பாரு. அப்புறம் தண்டு உனக்குத்தான்.”

பொற்கலையா கொக்கா? மறுநாளே சுரங்கத்திலிருந்து ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்து பல்லக்கில் ஏற்றினாள். சமையல் மஞ்சளைப் பூசிக் குங்குமம் இட்டாள். ‘எலும்பு காத்த ஐயன்’ என்று பெயரும் சூட்டினாள்.

அவ்வளவுதான். மதியத்துக்குள் கூட்டம் கூடிவிட்டது. அங்கே நெருப்புக்குத் தடை என்பதால் கற்பூரத்துக்குப் பதில் நீல விளக்கைச் சுற்றினார்கள். சாயங்காலம் நாகலிங்கமே கைகூப்பி வந்தார். “தாயே, பின்தண்டுல எனக்கு ஒரு இடம் குடு.”

சாமியைக் கண்டெடுத்தவள் என்பதால் முன்தண்டைச் சுமக்கும் ‘முதல் தோள்’ உரிமை பொற்கலைக்கு. தினமும் ஐயனைச் சுமந்ததில் அவள் எலும்பு உலக்கையாக உரமேறியது. சோதனையில் தேறினாள். கப்பலும் வந்து நின்றது.

“அம்மா, நாள் நெருங்கிடுச்சு. கிளம்பிட்டியா?” என்று கரூரிலிருந்து அழைத்தாள் இசை.

“வர்றேன் கண்ணு. ஐயன் திருவிழா முடியட்டும். நான் இல்லேன்னா முதல் தோளை அந்த நாகலிங்கம் தட்டிக்கிட்டுப் போயிடுவாரு.”

கப்பல் அவள் இல்லாமலே கிளம்பியது.

திருவிழாவன்று அடுத்த வீட்டுச் சுமையாள் செவந்தி, தேய்ந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தாள். “அக்கா, தினம் ஒரே ஒரு சுற்று எனக்கும் தோள் குடேன். ஊருக்குப் போகணும்.”

பொற்கலை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எல்லாரும் தூக்கினா கும்பிடறது யாரு? தள்ளி நின்னு கும்பிட்டுக்கோ.”