பால் தெளி

பஸ் நின்ற பிறகும் முனியனின் மடியிலிருந்த டிபன் டப்பா ஆடிக்கொண்டிருந்தது.

அரக்கோணத்தில் ஏறியதிலிருந்து பஸ் குலுக்குவதாகத்தான் நினைத்திருந்தான். திருத்தணி வந்து டிரைவர் இன்ஜினை அணைத்தும், டப்பாவின் மூடி மெல்ல எழும்பி எழும்பி அடங்கியது.

"இன்னா பெரியவரே, உள்ள கோழிக்குஞ்சா? அதுக்கும் டிக்கெட் போடணுமே" என்றான் கண்டக்டர்.

"சோறுப்பா."

"துள்ற சோத்த இப்பதான் பாக்கறேன்!"

முனியன் சிரிக்காமல் இறங்கினான். மலையிலிருந்து வந்த மொட்டைத் தலைகளின் சந்தன வாசனை தெருவெல்லாம் அடித்தது. அவரவர் முடியை அவரவர் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவன் கொடுத்தது பெண்டாட்டி கௌரியின் நெஞ்சுத் தசையை. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இருதய ஆபரேஷனுக்கு அவள் மயங்கிக் கிடந்தபோது, ஆராய்ச்சிக்கு ஒரு துணுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். மூட்டை தூக்கித் தூக்கி அவனுக்கு முதுகு போயிருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை கொடுத்தால் சரி என்றான். வேலை கிடைத்தது. கௌரி எழுந்திருக்கவில்லை.

உடலைச் சுட்ட மறுநாள் சாம்பலில் பால் தெளித்தால்தான் போனவர்களுக்கு வழி திறக்கும். தெளித்தான். ஆனால் துணுக்கு பாக்கி நின்றது.

அதை ஆராய்ச்சிக்கூடத்து ப்ரியா மேடம்தான் ஆசையாகக் காட்டினாள். கண்ணாடித் தட்டில் ரோஜா நிறத்தில் ஒரு படலம், தானாகவே சுருங்கி விரிந்தது. "உங்க ஆத்துக்காரியோட செல்லுலேந்து வளர்த்தது. சத்துத் தண்ணி ஊத்திண்டே இருந்தா போதும், துடிச்சிண்டே இருக்கும்."

நேற்று மகள் தேவயானி பள்ளிப்பட்டிலிருந்து போன் செய்தாள். "அம்மா கனவுல வந்துகினே இருக்குது நைனா. வாசல்லியே நிக்குது. இன்னா கொறை வச்ச?"

இன்று தட்டைத் திருடி டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

வீடு வந்து சேர்ந்தபோது சமையலறையில் இருட்டிக்கொண்டு வந்தது. டப்பாவைத் தெற்குப் பக்கம் வைத்துத் திறந்தான். ஆஸ்பத்திரி மருந்து நாற்றமும், அதற்கடியில் கௌரியின் வேர்வை வாசனையும் எழும்பின. பால் பாக்கெட்டைக் கிழித்து, உள்ளங்கையில் ஏந்தி மெல்லத் தெளித்தான்.

"போயிடும்மா கௌரி. தெரியாம செஞ்சிட்டேன். இல்ல, தெரிஞ்சிதான் செஞ்சேன். போயிடு."

துடிப்பு நின்றது.

முனியனுக்கு மூச்சு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். தட்டில் பால் இல்லை. சிந்தவுமில்லை. படலம் தட்டின் விளிம்பைத் தாண்டி டப்பாவின் ஓரம் வரை வந்திருந்தது. மெல்லிய சிவப்பு நரம்புகள் விட்டிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. பசியோடிருந்ததற்குப் பால் வார்த்திருக்கிறான்.

டப்.

இப்போது காதுக்கே கேட்டது.

டப். டப்.

பின்வாங்கினான். முதுகில் சுவர். டப்பா தரையில் நகர்ந்தது. விரற்கடை தூரம். நின்றது. இன்னும் கொஞ்சம்.

"கௌரி, வேணாம்."

துடிப்பு வேகமானது. ஓடிவந்தவனின் நெஞ்சு மாதிரி. பயந்தவனின் நெஞ்சு மாதிரி.

கையை மார்பில் வைத்துப் பார்த்தான். அழுத்திப் பார்த்தான். சட்டையை விலக்கிப் பார்த்தான்.

அங்கே ஒன்றும் அடிக்கவில்லை.

அவன் பயம் முழுக்க டப்பாவுக்குள் அடித்துக்கொண்டிருந்தது.