அம்மா தலைமாட்டுப் பெட்டி

அந்த மருத்துவமனையில் எனக்கு இரண்டு வேலை. மூச்சுத்திணறலுக்காக அம்மாவை அங்கே சேர்த்திருந்தோம். போன இடத்தில் வைஃபை வேலையும் அகப்பட்டது. வார்டு நெடுக, ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஒரு வைஃபை பெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். எல்லாவற்றையும் ஒரே குழுவாக இணைத்துவிட்டேன். இனி யாராவது போனோடு நடந்தால், ஒரு பெட்டி அவரை அடுத்த பெட்டியிடம் ஒப்படைத்துவிடும். தொடர்பு அறாது.

மூன்றாம் நாள், மழைக்கு இருட்டிய மதியம். அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். மருந்து வாடைக்கு நடுவே எங்கிருந்தோ காயாத துணியின் வாடை. திரையில் பெயரில்லாத போன் ஒன்று, வார்டுக் கடைசியில் பூட்டிக் கிடக்கும் அறைப் பக்கமிருந்து பெட்டி பெட்டியாக நகர்ந்து வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். நடையில் ஒருவரும் இல்லை.

"சிஸ்டர், இது யாரு போன்?"

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அது முந்தின நாட்களில் நின்ற இடங்களையும் காட்டினேன். அவள் முகம் வெளுத்தது.

"முந்தாநாள் அந்த ஜன்னல் கட்டில்... நேத்து இதோ, இந்தப் பக்கத்துக் கட்டில்," என்று குசுகுசுத்தாள். "ரெண்டு பேரும் நல்லாத்தான்க்கா இருந்தாங்க. திடீர்னு போயிட்டாங்க."

அடுத்தது அம்மா.

அறைக்குள் அடைந்து கிடந்ததற்கு வழி போட்டுக் கொடுத்தவளே நான்தான். ஆனால் பயத்தைவிட ஆத்திரம்தான் பொங்கியது. நான் போட்ட முடிச்சை எனக்கு அவிழ்க்கத் தெரியாதா?

அந்தப் போனுக்குத் தடை போட்டேன். சட்டை செய்யாமல் நகர்ந்தது. குழுவையே கலைத்தேன். அம்மா தலைமாட்டுப் பெட்டிக்கு மட்டும் புதிதாய் எட்டு எண்ணில் ஒரு கடவுச்சொல் போட்டேன், யாரிடமும் சொல்லாமல்.

மருத்துவமனை நிர்வாகி போனில் கத்தினார். "எல்லாத்தையும் ஒண்ணா சேர்க்கத்தானே உங்களைக் கூப்பிட்டோம்?"

"எங்கம்மா வீட்டுக்கு வர்ற வரைக்கும் தனித்தனிதான் சார். என்ன பண்ணணுமோ பண்ணிக்கோங்க."

காலியாகிவிட்ட பக்கத்துக் கட்டிலோடு அந்தப் பெயரில்லாத போன் நின்றது. திரையில் ஒரு வரி.

கடவுச்சொல் தவறு.

மறுபடி.

கடவுச்சொல் தவறு.

"தட்டிக்கிட்டே இரு," என்றேன் வாய்விட்டு. "உனக்கு இங்க வேலையில்ல."

சட்டென்று ஓய்ந்தது. மழைச் சத்தம் மட்டும்.

தூங்கிக்கொண்டிருந்த அம்மாவின் உதடு அசைந்தது.

"ஏழு... ரெண்டு... ஒன்பது..."

நான் போட்ட எண்.

அம்மாவின் குரல்தான். யாரோ காதில் கேட்கக் கேட்க, ஒவ்வொன்றாக ஒப்பித்தாள். எட்டாவது எண் வருவதற்குள் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சூடாக இருந்தது, அது போதும் எனக்கு.

"நீ தூங்கும்மா. நான் முழிச்சிருக்கேன்."

உதடு மீண்டும் அசைந்தது. இப்போது புது எண்.

பிடித்த கையை விடாமல், இன்னொரு கையால் மாற்றினேன்.