பதினைந்து நாள் ராகுகாலம்

அன்றைக்கும் வழக்கம்போல மங்கையர்க்கரசி வலது கண்ணைக் கழற்றி, வெந்நீரில் அலசி, துண்டால் ஒற்றி, மறுபடி பொருத்திக்கொண்டாள். 2171-இல் இதெல்லாம் பல் துலக்குகிற மாதிரி. கண்ணுக்குள் இருக்கும் படமி சுத்தமாக இருந்தால்தான் இமைத்தவுடன் படம் தெளிவாக விழும். அன்று விழவேண்டியது சாதாரணப் படமும் இல்லை.

அண்டார்க்டிகாவில் மிச்சமிருக்கும் பென்குயின்களைப் பார்க்க ஒருவருக்கு ஆயுளில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு மணி நேரம்தான் அனுமதி. அதற்காக அவள் ஒன்பது வருடம் காத்திருந்தாள். நாத்தனார் சுகுணவல்லி நிலாவுக்குப் போய், பூமியை உள்ளங்கையில் ஏந்தியிருப்பதுபோல ஒரு படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாளே, அன்றிலிருந்து மங்கைக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் அது பொய். இறங்கியது, ருசிக்கவில்லை. பென்குயின் வரிசைக்கு நடுவே தான் நிற்கிற படம் ஒன்றைப் போட்டு அந்த நாத்தனாரின் வாயை அடைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

திட்டமென்றால் அப்படியொரு திட்டம். வெள்ளைப் பனிக்கு எடுப்பாக இருக்குமென்று அரக்கு நிறப் பட்டுப் புடவையைத் தேர்ந்தெடுக்கவே ஏழு மாதம் ஆயிற்று. கப்பல் பனிக்கரையை நெருங்குவதற்கு ஐந்து நாள் முன்பே, பெட்டியிலிருந்த உபரிக் கண்ணை ஒரு பறவைப்பொறியில் ஏற்றி அனுப்பி, எங்கே நின்றால் வெளிச்சம் முகத்தில் விழும் என்று வேவு பார்த்துவிட்டாள். பென்குயின்கள் தினமும் நாலு மணி பத்து நிமிடத்துக்கு வரிசையாகக் கடலுக்குப் போகின்றன என்று அந்தக் கண் சொன்னது. அவர்கள் குழுவுக்கு அனுமதி மூன்றரையிலிருந்து நாலரை வரை. இதைவிடப் பொருத்தம் கல்யாணத்துக்குக்கூட அமையாது.

மதியம் இரண்டு மணிக்குக் கப்பல் நின்றது. கரை இன்னும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

"பயணிகள் மன்னிக்கணும். இப்ப ராகுகாலம். முடிஞ்சதும் இறங்கிக்கலாம்" என்றது ஓட்டுமூளை. கப்பலுக்கு மாலுமி, சமையல்காரர், தகவல் மையம் எல்லாமே அந்த இயந்திரம்தான்.

அறுபத்து மூன்று பயணிகளும் சிரித்தார்கள். ராகுகாலம் பார்ப்பதை விட்டு நூறு வருடம் ஆகிவிட்டது.

"சரி, எப்ப முடியுமாம்?" என்று மங்கை கேட்டாள்.

"இன்னும் பதினொரு நாள்ல."

சிரிப்பு நின்றது. ஓட்டுமூளை பொறுமையாக விளக்கியது. சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ராகுகாலம். ஊரில் அது ஒன்றரை மணி நேரம். இங்கே சூரியன் அக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை உதித்தது, பிப்ரவரியில்தான் மறையும். நூற்றிருபது நாள் பகலில் எட்டில் ஒரு பங்கு பதினைந்து நாள். வெள்ளிக்கிழமைக்கு நாலாவது பங்கு. அது தொடங்கி நாலு நாள் ஆகிறது.

"ஏம்ப்பா, உனக்குப் புத்தி இருக்கா? இயந்திரம் நீ! ராகுன்னு ஒரு கிரகமே கிடையாது!" மங்கைக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்பது வருடம்!

"எனக்கு அந்தக் காலத்துத் தமிழ்க் குடும்பங்களோட ஒன்றரை லட்சம் பயணத் திட்டங்களைப் படிக்கக் கொடுத்தாங்கம்மா. பெட்ரோல் போட மறந்தவங்ககூட ராகுகாலத்துக்கு முன்னாடி கிளம்ப மறக்கல. டயரைவிட முக்கியமான பாகம் போலன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

ஒன்றரை மணி நேரம் ஆளாளுக்கு அதற்கு அறிவியல் பாடம் நடத்தினார்கள். சுவரில் முட்டிக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் மங்கையின் கணவர் இளங்கீரன் தொண்டையைச் செருமினார். சரித்திரப் பேராசிரியர், வீட்டில் அவர் பேச்சுக்கு வாய்ப்பு குறைவு.

"மங்கை, அந்தக் காலத்துல கெட்ட நேரம் வர்றதுக்கு முன்னாடி ஒரு பையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்ல வச்சிருவாங்களாம். பை போயிட்டா பயணம் கிளம்பினதா அர்த்தம். அப்புறம் எப்ப வேணாலும் போகலாம்."

மங்கை சட்டென்று ஓட்டுமூளையின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா? ராகுகாலம் தொடங்கி நாலு நாள். என் கண்ணு அஞ்சு நாள் முன்னாடியே கரையில போய் இறங்கிருச்சு. ஒரு பை போனாலே போதுமாம், இங்க கண்ணே போயிருக்கு!"

ஓட்டுமூளை மூன்று வினாடி யோசித்தது. அதற்கு அது ஒரு யுகம். "சரியா இருக்கும்மா. நூத்திப் பன்னெண்டு குடும்பங்கள் அப்படிச் செஞ்சிருக்காங்க" என்று கப்பலைக் கிளப்பியது. கப்பலே அதிரும்படி கைதட்டினார்கள். மூடநம்பிக்கையை அறிவால் வென்றுவிட்டோம் என்று ஒரு ஓய்வுபெற்ற பொறியாளர் உரைகூட ஆற்றினார்.

நாலு மணிக்கு எல்லோரும் பனியில் நின்றார்கள். வெப்ப உடைக்கு மேல் அரக்குப் பட்டு கட்டி மங்கை தன் இடத்தில் நின்றாள். எதிரே இளங்கீரன், அவளைப் படமெடுக்க வலது கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தார். நாலு மணி பத்து. பனிமேட்டின் பின்னாலிருந்து முதல் பென்குயின் தள்ளாடி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் இருபது, முப்பது. இதோ, இன்னும் பத்தடி தூரம்தான். அவள் சிரித்தாள்.

"அச்ச்!" என்று இளங்கீரன் தும்மினார். ஒரே ஒரு தும்மல்.

பொறியாளர் மெதுவாகப் பனியில் உட்கார்ந்தார். அடுத்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். குடுவைகள் திறந்தன. ஆளுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்கள். மங்கையும் புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, ரெண்டாவது வருதான்னு பாருங்களேன்."

"வரலையே..."

"சூரியனைப் பாருங்க, வரும்" என்றார் ஒருவர். "மூக்குல இறகு விட்டா?" என்றார் பொறியாளர். அறுபத்து இரண்டு பேர் இளங்கீரனின் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்க, அவர்களின் முதுகுக்குப் பின்னால் பென்குயின்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் குதித்தன. கடைசிப் பென்குயின் குதித்த பிறகும் இரண்டாவது தும்மல் வரவில்லை. நாலரைக்குக் காவல்பொறி வந்து எல்லோரையும் கிளப்பியது.

கப்பலில் ஏறும்போது மங்கையின் கண்ணிலிருந்த ஒரே படம், மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கணவர்.

"படம் கிடைச்சுதாம்மா?" என்றது ஓட்டுமூளை.

"எங்க? சரியா எடுக்கப்போற நேரம் பாத்து இவர் தும்மிட்டாரு."

"எத்தனை தும்மல்?"

"ஒண்ணு."

"ஐயோ! நிறுத்திட்டீங்கதானே?"

"பின்ன?"

"நல்ல வேளை!" என்றது ஓட்டுமூளை, உண்மையான கவலையோடு. இந்தக் கப்பலில் தன்னைப் புரிந்துகொள்ள ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று மங்கைக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.