வெள்ளைக்குள் வெள்ளை

குழாய் நெருடியது.

கம்பத்தில் தொங்கும் பையிலிருந்து தம்பியின் நெஞ்சுக்கு இறங்கும் அந்த மெல்லிய குழாயை இரண்டு வருடமாகத் தொட்டுப் பழகியவள் அவள். தையல்காரியின் விரல்கள், இருட்டிலும் நூலில் முடிச்சு எங்கே என்று சொல்லிவிடும். குழாய் எப்போதும் வழவழப்பாக, லேசாகக் குளிர்ந்திருக்கும். இப்போது அதன் உள்ளே பொடிமணல் போல ஏதோ நறநறத்தது.

குனிந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பாலைப் போல வெள்ளை, அவ்வளவுதான். வெளியே விடாமல் அடித்த மழையில் பட்டப்பகலே மங்கி, மின்சாரமும் போய், ஸ்பிரிட் நெடியும் ஈரச்சுவரின் வாடையும் காய்ச்சல்காரனின் புளித்த வியர்வையும் அந்தச் சின்ன அறையில் நகர இடமின்றி நிற்க, பேட்டரியில் ஓடும் பம்பு மட்டும் கட்டிலோரத்தில் டிக், டிக் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

தம்பி மின்சார வேலைக்காரன். ஏணியிலிருந்து விழுந்து வயிறு கிழிந்தபோது குடலை அனேகமாக முழுதும் வெட்டி எடுத்துவிட்டார்கள். வாயால் எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. நெஞ்சு நரம்பு வழியே ஏறும் இந்தப் பைதான் அவனுக்குச் சோறு, தண்ணீர் எல்லாமே. ஆனாலும் பசி மட்டும் அவனை விட்டுப் போகவே இல்லை. "உன் சமையல்ல உப்பு இல்லன்னு குறை சொல்லக்கூட முடியலக்கா" என்பான். குடல் போனாலும் வாய்க்கொழுப்பு போகவில்லை என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள். அவளுக்கென்று வேறு யாரும் கிடையாது.

நெஞ்சில் செருகியிருந்த குழாய்க்கு இரண்டு வாய். ஒன்று சாப்பாட்டுக்கு, இன்னொன்று மருந்துக்கு. வாரம் ஒருமுறை வரும் நர்ஸம்மா, இரண்டையும் கலக்கவே கூடாதென்று முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"சில மருந்து இந்தப் பாலோட சேர்ந்தா கல்லா உறைஞ்சிடும்மா. வெறும் தண்ணியா இருந்தா கலங்குறது தெரியும். இது வெள்ளைக்குள்ள வெள்ளை. கண்ணுக்கே தெரியாம உள்ள போயிடும். போச்சுன்னா நேரா நுரையீரல்தான்."

நேற்று மருந்து வாய் அடைத்துக்கொண்டது. காலையில் கட்டிலே ஆடும்படி குளிர்க்காய்ச்சல். மருந்து ஊசியைப் போட்டே ஆகவேண்டும். தெருவிலோ இடுப்பளவு வெள்ளம். நர்ஸம்மா போனில்தான் வழி சொன்னார். "சாப்பாட்டு வாய் வழியாவே போட்டுடலாம். முதல்ல சாப்பாட்டை நிறுத்துங்க. உப்புத்தண்ணி ஊசியால குழாயைக் கழுவுங்க. மருந்தை மெதுவா ஏத்துங்க. மறுபடியும் கழுவுங்க. அப்புறம்தான் சாப்பாடு. நான் எப்படியாவது வந்து சேர்றேன்."

நிறுத்தினாள், கழுவினாள், மருந்தை ஏற்றினாள். மறுபடி கழுவ எடுத்த உப்புத்தண்ணி ஊசி, கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. வீட்டில் இருந்த கடைசி ஊசி அது. போனை எடுத்தாள். சிக்னல் இல்லை.

அதற்குள் தம்பிக்கு வியர்த்துக் கொட்டியது. சாப்பாடு சட்டென்று நின்றால் சர்க்கரை இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். ஈறில் சர்க்கரையைக் குழைத்துத் தடவினாள். போதவில்லை. அவன் கண் சொருகியது. முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. அந்த நேரத்தில் யாரைக் கேட்பது? குழாயில் மிச்சம் நிற்பது விரற்கடை மருந்துதானே, ஆபத்துக்குப் பாவமில்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டு பம்பைத் தட்டிவிட்டாள்.

அந்தக் குழாய்தான் இப்போது நெருடியது. குழாயின் மேல்பகுதியில் கட்டியைத் தடுக்கும் வடிகட்டி இருக்கிறதே என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் ஊசி போட்ட இடம் வடிகட்டிக்குக் கீழே.

பம்பை நிறுத்தினாள். குழாயின் கிளிப்பை அழுத்தி மூடினாள். டிக் டிக் நின்றுபோனது. நறநறப்பு நிற்கவில்லை. மூடிய கிளிப்புக்குக் கீழே, எதுவும் தள்ளாமலே, மணிமணியாக அவள் விரலைத் தாண்டி அவனை நோக்கி இறங்கியது. குழாயை மடித்துப் பிடித்தாள். மடிப்புக்குள் முட்டி, நெளிந்து, புகுந்து போனது. தப்பு செய்துவிட்டேன், என் கையாலேயே செய்துவிட்டேன் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அக்கா."

தம்பி கண்ணைத் திறந்திருந்தான். வியர்வை நின்றிருந்தது. முகம் தெளிவாக இருந்தது.

"என்னடா? மூச்சு முட்டுதா? எங்கடா வலிக்குது?"

"வயிறு நிறைஞ்சிருச்சுக்கா."

அந்த வார்த்தையை அவன் வாயால் கேட்க அவள் எத்தனை நாள் ஏங்கியிருந்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"நெஜமாவாடா?"

"எனக்கில்லக்கா." நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டான். அவன் பல்லிடுக்கில் ஏதோ நறநறத்தது. "உள்ள வந்ததுக்கு. இப்ப அது திரும்பிப் போகுது."

விரலுக்கடியில் மணிகள் நின்றன. பிறகு நகர்ந்தன. மேல்நோக்கி.

"என்னையும் கூட்டிட்டுப் போகுதுக்கா" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பாதி வற்றித் துவண்டிருந்த பையின் அடிப்பக்கம் புடைத்தது. சுருக்கங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கட்டிலில் தம்பியின் கன்னம் உள்ளே இழுத்துக்கொண்டது. கழுத்தெலும்பு துருத்தியது. புறங்கை நரம்புகளில் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடி, மணிக்கட்டில் ஏறி, முழங்கையில் ஏறி, நெஞ்சுக்குள் போய் மறைந்தது. வெள்ளை போன இடமெல்லாம் தோல் அமுங்கியது.

கிளிப்பைத் திறந்தாள். பையைக் கம்பத்திலிருந்து பிடுங்கி இரண்டு கையாலும் அமுக்கினாள்.

"குடுத்துடு. திருப்பிக் குடுத்துடு. தெரியாம பண்ணிட்டேன். அவன் ஒண்ணும் பண்ணல, நான்தான் பண்ணேன். என்னை எடுத்துக்கோ."

அமுக்கினாள். இறங்கவில்லை. இன்னும் அமுக்கினாள். பை கனத்தது. சூடேறியது. காய்ச்சல் சூடு. அவள் உள்ளங்கைக்குக் கீழே ஒரு தட்டு. இடைவெளி. இன்னொரு தட்டு.

தம்பியின் நெஞ்சில் காதை வைத்தாள்.

ஒன்றுமில்லை.

பையில் காதை வைத்தாள்.

துடித்தது.

கதவு திறந்தது. நர்ஸம்மா, இடுப்புவரை சேறும் தண்ணீருமாக. தரையில் உடைந்து கிடந்த ஊசியையும் கட்டிலையும் பார்த்தார். ஓடிவந்து கழுத்தில் விரல் வைத்தார், கண்ணிமையைத் தூக்கினார், நெஞ்சை அமுக்கினார். வெகுநேரம் அமுக்கினார். பிறகு கையை எடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"விடுங்கம்மா" என்றார். "அந்தப் பையைக் குடுங்க. உள்ள கல் விழுந்திருக்கு. அதைக் கழட்டி வெளிய எறியணும்."

"வேணாம்."

"சொன்னா கேளுங்கம்மா. அது கெட்டுப்போச்சு."

"இதுக்குள்ளதான் இருக்கான்."

துக்கத்தில் பேசுகிறாள் என்று நர்ஸம்மா நினைத்தார். பையின் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். அவள் விடவில்லை. இழுபறியில் குழாய் நெஞ்சிலிருந்த வாயை விட்டுக் கழன்று தரையில் விழுந்தது.

சொட்டியது. வெள்ளையாக. வெதுவெதுப்பாக. ஒவ்வொரு சொட்டுக்கும் பைக்குள் துடிப்பு தளர்ந்தது.

அவள் பாய்ந்து குழாயின் முனையைச் சுட்டுவிரலால் அடைத்தாள்.

சொட்டு நின்றது. துடிப்பு மீண்டும் கூடியது. குழாய்க்குள்ளிருந்து ஏதோ ஒன்று அவள் விரல் நுனியைத் தொட்டது. தயங்கியது. பிறகு, பசித்த குழந்தை பற்றுவதைப் போல, இறுக்கிப் பற்றிச் சப்பத் தொடங்கியது.

அவள் விரலை எடுக்கவில்லை.