கிரி மரத்தின் நான்கு படங்கள்

புதுக் கல்யாணப் பெட்டியின் முதல் இழுப்பறையில் மகளின் கிமோனோவை வைக்கக் குனிந்தபோதுதான் கினுயே அந்தப் படத்தைப் பார்த்தாள். அடிப்பலகையில், உள்ளங்கை அகலத்துக்கு, சூட்டுக்கோலால் இழுத்தது போன்ற பழுப்புக் கோடுகள். இரண்டு பெரிய இலைகள் விரித்த ஒரு கன்று.

காலையில் பெட்டியை இறக்கிவைத்த தச்சர் யசாக்கு படம் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஓர் இழுப்பறையை மூடி இன்னொன்று தானாக வெளியே நகர்வதைக் காட்டிச் சிரித்தார். "உள்ள அவ்வளவு இறுக்கம்மா. ஒண்ணு உள்ள போனா இன்னொண்ணு கோவிச்சுக்கிட்டு வெளிய வரும், மாமியார் மருமக மாதிரி."

பக்கத்து அறையில் தலை உலர்த்திக்கொண்டிருந்த மகளிடம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், பெட்டி அவளோடு போக வேண்டும். பெண் பிறந்ததும் கிரி மரம் நட்டு, அவள் கல்யாணத்துக்கு அதை வெட்டிச் சீர்ப்பெட்டி செய்வது ஊர் வழக்கம்.

"தச்சர் மாமா பொழுது போகாம கிறுக்கியிருப்பாரு," என்றாள் சிகுசா. "மாப்பிள்ளை மூஞ்சியையும் வரையச் சொல்லும்மா. அந்தப் படமாவது சிரிக்கட்டும்."

கூரையிலிருந்து பனி சரிந்து முற்றத்தில் மெத்தென்று விழுந்தது. மண்ணெண்ணெய் அடுப்பின் வாடையும் புதுப் பலகையின் உலர்ந்த வாடையும் கலந்திருந்த அறையில், மகளின் முடி உலர்த்தியின் இரைச்சல் மட்டும் சீராகக் கேட்டது. கினுயே இழுப்பறையை மூடினாள். மூச்சுவிடுவதுபோல் காற்றோசையோடு அடுத்தது வெளியே வந்தது.

அதிலும் படம். தரையோடு வெட்டப்பட்ட கன்று. பக்கத்தில் கோடரி.

இது யசாக்குவுக்குத் தெரியாது. சிகுசாவுக்கும் தெரியாது. இந்தப் பெட்டிக்காக வெட்டிய மரம் சிகுசாவுக்காக நட்டதல்ல. அவளுக்கு முன் பிறந்த நத்ஸுனோவுக்காக நட்டது. தவழத் தொடங்கிய குளிர்காலத்திலேயே நத்ஸுனோ போனாள். வலது காலை மடித்து இழுத்துக்கொண்டு தவழ்வாள். அவளை எரித்துவிட்டு வந்த மாலை, கணவன் ததாவோ கன்றை வெட்டிச் சாய்த்தான். வசந்தத்தில் அடிக்கட்டையிலிருந்து நேராக ஒரு தளிர் கிளம்பியது. கிரி வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே அப்படி வெட்டுவதுண்டு. இரண்டாவது வளர்வதுதான் கோணாமல் வளரும். சிகுசா பிறந்தபோது ததாவோ சொன்னான்: "இதுவே போதும். இன்னொண்ணு எதுக்கு?"

கினுயே தலையாட்டினாள். அந்த நாட்களில் எதற்கும் தலையாட்டினாள். அழுகை வரவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குள் எதுவுமே முழுதாக வந்ததில்லை. சிகுசாவைத் தூக்கியபோதும் கைகள்தான் தூக்கின. அக்கா ஒருத்தி இருந்ததை மகளிடம் சொன்னதில்லை.

இப்போதும் பயம் தூரத்தில் எங்கோதான் இருந்தது, வேறு யாருடையதோ போல.

மூடினாள். மூன்றாவது வந்தது.

பூத்து நின்ற பெரிய மரம். அடியில் பள்ளிக்கூடத் தொப்பி போட்ட சிறுமி. சிகுசா. அவள் பாதங்கள் வரையப்படவில்லை. கணுக்காலுக்குக் கீழே வேர்கள்தான். அந்த வேர்களைப் பிடித்தபடி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, சின்னதாக ஓர் உருவம். முகத்தை மேலே தூக்கிக் காத்துக்கொண்டிருந்தது.

இதை மூடக்கூடாது என்று நினைத்தாள். கைகள் மூடின.

நான்காவது.

மறுபடி கோடரி. கணுக்காலோடு வெட்டப்பட்டு ஒரு பெண் கிடந்தாள். மரம் இல்லை. தரையில் ஊன்றி நின்ற இரண்டு பாதங்களின் நடுவிலிருந்து ஒரு தளிர்.

கோடுகளிலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது.

பக்கத்து அறையில் ஏதோ விழுந்தது. முடி உலர்த்தி. பாயில் கிடந்து இரைந்தது.

"சிகுசா."

இரைச்சல் தொடர்ந்தது.

"சிகுசா, அதை அணை."

உள்ளங்கை பாயில் பட்டது. பிறகு முழங்கால். பிறகு ஏதோ இழுபட்டது. உள்ளங்கை. முழங்கால். இழுபடல்.

காகிதக் கதவின் அடியில், தரையை ஒட்டி, விரல்கள் நுழைந்தன.

கதவு நகர்ந்தது.

அவள் மகள் தவழ்ந்து வந்தாள். ஈர முடி பாயில் புரண்டது. வளர்ந்த பெண்ணின் கனத்த உடம்பு. வலது கால் மடிந்து பின்னால் இழுபட்டது. தலை நிற்கவில்லை, ஆடியது. கினுயேயைக் கண்டதும் முகம் மலர்ந்தது. எச்சில் வழிய, பல்லெல்லாம் தெரிய, சிரித்தது.

கினுயே ஓடவில்லை. மார்பில் ஏதோ சூடாக இருந்தது. குனிந்து பார்த்தாள். எத்தனையோ வருடங்களுக்கு முன் பால் வற்றிய இடத்தில், கிமோனோ நனைந்துகொண்டிருந்தது.

உட்கார்ந்திருந்தவளின் முழங்காலில் கை வைத்து, மடியில் ஏறி, அந்தப் பெரிய வாய் திறந்து தேடியது.